கப்பல் இறங்கிய அன்றே வீடு திரும்ப: சாங்கியா, செனாயா?

பாடாங் செராய், லுனாஸ், கூலிம் வட்டாரத்தில் இப்போதெல்லாம் கோயில் யாத்திரைக்கு ஆள் சேர்ப்பதுபோலக் கப்பல் பயணத்துக்கும் ஆள் சேர்க்கிறார்கள். கூலிம் ஹைடெக் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் பிள்ளைகள் பணம் போடுகிறார்கள். தோட்டத்தில் பால்மரம் சீவிக் காலத்தைக் கழித்த அம்மா அப்பா, அத்தை, சித்தப்பா என்று எட்டுப் பத்துப் பேராகக் கிளம்புகிறார்கள். சிங்கப்பூரில் ஏறி, மூன்று நான்கு இரவு சுற்றிவிட்டு, சிங்கப்பூரிலேயே இறங்குவதுதான் வழக்கமான பயணம். டிக்கெட் எடுக்கும்போது அறையில் ஜன்னல் உண்டா, சைவச் சாப்பாடு கிடைக்குமா என்றெல்லாம் துருவிக் கேட்பவர்கள், இறங்கும் நாளைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. மறுநாள் காலை ஏழு மணி ஷிப்டுக்கு நிற்க வேண்டியவருக்கு முக்கியமே அந்த நாள்தான்.

இறங்கிய அன்றே கெடாவுக்குக் கிளம்ப மூன்று வழி இருக்கிறது. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நேரே பினாங்குக்குப் பறக்கலாம். ஜொகூர் பாலத்தைத் தாண்டி, ஜொகூர் பாரு பக்கம் இருக்கும் செனாய் விமான நிலையம் போய், அங்கிருந்து உள்நாட்டு விமானத்தில் பினாங்கு வரலாம். அல்லது பஸ் பிடிக்கலாம். எங்கள் தேர்வு சாங்கி, அதுவும் மதியத்துக்கு மேல் கிளம்பும் விமானம். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும். செனாய்க்கும் நியாயம் உண்டு, அதையும் சொல்கிறேன்.

பஸ்ஸை முதலிலேயே முடித்துவிடலாம். சிங்கப்பூரிலிருந்து பட்டர்வொர்த் பக்கம் வரும் விரைவு பஸ்ஸுக்குப் பத்து மணி நேரத்துக்குக் குறையாது. பெரும்பாலும் இரவில்தான் கிளம்பும். காலை ஒன்பது மணிக்குக் கப்பலைவிட்டு இறங்கியவர் இரவு வரை பையைக் கட்டிக்கொண்டு ஊர் சுற்ற வேண்டும். இளவட்டங்களுக்குச் சரிப்படும். மூட்டுவலிக்காரர் ஒருவர் கூட இருந்தாலும் வேண்டாம். இடிஎஸ் மின்சார ரயில் ஜொகூர் பாரு வரை வந்துவிட்டதே என்று கேட்பார்கள். வந்துவிட்டதுதான். ஆனால் அதைப் பிடிக்கவும் முதலில் பாலத்தைத் தாண்டியாக வேண்டும். தாண்டிய பிறகும் தீபகற்பத்தின் ஒரு முனையிலிருந்து ஏறக்குறைய மறுமுனை வரை உட்கார்ந்து வர வேண்டும். அன்றே வீடு என்பது பேராசை.

இன்னொரு கேள்வியும் தவறாமல் வரும். கப்பல் நடுவில் பினாங்கில் நிற்கிறதே, சுவெட்டன்ஹாம் துறையிலேயே இறங்கி வீட்டுக்குப் போய்விட்டால் என்ன? நம் வீட்டு வாசல் வழியாகப் போகும் கப்பலில் சிங்கப்பூர் வரை போய்த் திரும்ப வருவானேன் என்பது நியாயமான ஆதங்கம்தான். ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் இறங்கிப் போக முடியாது. ஏறும்போதும் இறங்கும்போதும் அறை அட்டையைத் தட்டுகிறீர்கள். நீங்கள் திரும்பவில்லை என்றால் உங்கள் பெயரை ஒலிபெருக்கியில் கூப்பிடுவார்கள். குடிநுழைவுப் பட்டியலிலும் நீங்கள் கப்பலோடுதான் இருக்க வேண்டும். பதிவு செய்யும்போதே எழுதிக் கேட்டு, கப்பல் நிறுவனம் எழுத்தில் ஒப்புக்கொண்டால் இறங்கலாம். கட்டிய பணத்தில் எதுவும் திரும்பி வராது.

கப்பலின் கடிகாரம்

"காலை 7 மணிக்குச் சிங்கப்பூர்" என்று அட்டவணையில் போட்டிருந்தால் அது கப்பல் கரையோரம் வந்து சேரும் நேரம். உங்கள் கால் தரையில் படும் நேரம் அதுவல்ல. கயிறு கட்டி, நடைபாலம் போட்டு, அதிகாரிகளின் அனுமதி கிடைத்த பிறகுதான் ஆட்களை விடுவார்கள். முதலில், தங்கள் பையைத் தாங்களே இழுத்துப் போகிறவர்கள். அதன்பின், பையைக் கப்பலிடம் ஒப்படைத்தவர்கள், சீட்டின் நிறப்படியோ எண்படியோ கூட்டம் கூட்டமாக. ஒன்பதரை, பத்து மணிக்குள் கப்பல் காலியாகிவிடும். அன்று மதியமே அடுத்த மூவாயிரம் நாலாயிரம் பேர் ஏற வேண்டும். உங்களை வெளியே அனுப்புவதில் உங்களைவிடக் கப்பலுக்குத்தான் அவசரம்.

இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். கப்பலில் நிற்கும் வரிசைக்கு ஓர் எல்லை இருக்கிறது. எவ்வளவு மோசமான நாளிலும், கப்பல் நேரத்துக்கு வந்திருந்தால், பத்து மணிக்கு மேல் உங்களை உள்ளே வைத்திருக்க மாட்டார்கள். சாங்கி, செனாய் வழக்கைத் தீர்த்துவைப்பதும் இந்த "எல்லை" என்ற சங்கதிதான்.

பையை வெளியே வைப்பதா, கையில் இழுப்பதா

இறங்கும் நாளுக்கு முன்பே அறைக்கு ஒரு சீட்டு வந்துவிடும். கடைசி இரவு பத்து, பதினொரு மணிக்குள் பெரிய பைகளில் நிறச்சீட்டு கட்டி அறைக்கதவுக்கு வெளியே வைத்துவிட்டால், கப்பல் ஆட்கள் எடுத்துப் போய் மறுநாள் முனையத்தில் வரிசையாக அடுக்கி வைப்பார்கள். கேட்க வசதியாகத்தான் இருக்கிறது. ஆனால் உங்கள் நிறத்தைக் கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டும். கீழே போனால் கூடத்தில் கறுப்புப் பை ஐந்நூறு நிற்கும், அதில் உங்கள் கறுப்புப் பையைத் தேட வேண்டும். எட்டுப் பேர் குடும்பத்தில் ஏழு பை கிடைத்து எட்டாவது கிடைக்காவிட்டால், எட்டுப் பேரும்தான் நிற்க வேண்டும்.

அன்றே விமானம் பிடிப்பவர்கள் பையை வெளியே வைக்காதீர்கள் என்பதுதான் பொது விதி. கையில் இழுத்துப் போவதற்கு ஒரே நிபந்தனை, உதவி இல்லாமல் எல்லாப் பையையும் ஒரே நடையில் கொண்டுபோக முடிய வேண்டும். அந்தக் காலையில் மின்தூக்கி நிரம்பி வழியும். பத்தாவது தளத்தில் காத்து நின்றால் ஒவ்வொன்றும் நிறைந்தே வந்து நிறைந்தே போகும். ஒரு மாடி மேலே போய் அங்கிருந்து ஏறிக்கொள்வது பழகியவர்களின் வழி.

வயதானவர்களோடு போகும் குடும்பத்துக்கு ஒரு நடுவழி இருக்கிறது. பெரியவர்களின் பைகள் இரண்டை மட்டும் இரவே வெளியே வைத்துவிட்டு, மற்றவற்றை இளையவர்கள் இழுக்கலாம். அப்படிச் செய்தால், வரவேற்பு மேசையில் முதல் நாளே விமான நேரத்தைச் சொல்லி முன்கூட்டி இறங்கும் நிறச்சீட்டு கேட்டு வாங்குங்கள். கேட்டால் கொடுப்பார்கள். கேட்காதவருக்கு அறைத்தளத்தை வைத்து ஏதோ ஒரு நிறம் விழும்.

வெளியே வைக்கும் பையில் மருந்து, பல்செட், கடப்பிதழ், மறுநாள் போட வேண்டிய உடுப்பு, செருப்பு எதுவும் போய்விடக் கூடாது. சிரிக்க வேண்டாம். கைலியோடும் நைட்டியோடும் காலைச் சாப்பாட்டுக்கு வருகிறவர்களை எல்லாக் கப்பலிலும் பார்க்கலாம்.

கப்பல் கடையில் வாங்கிய மதுப்புட்டி கடைசி இரவுதான் கைக்கு வரும். அதை விமானத்தில் கைப்பையில் ஏற்ற முடியாது, 100 மில்லி விதி இருக்கிறது. ஆகவே கப்பலிலிருந்து கையில் இழுத்து வந்த பை ஒன்றாவது விமானத்தில் சரக்குப் பையாகப் போகும்படி முன்பே கிலோ வாங்கி வையுங்கள். சிகரெட்டுக்குச் சிங்கப்பூரில் தீர்வைச் சலுகை துளியும் கிடையாது. ஒரு பெட்டி என்றாலும் சிவப்பு வழியில் போய்ச் சொல்லிவிட வேண்டும்.

கடைசி இரவில் செய்ய வேண்டியவை

சிங்கப்பூர் வருகை அட்டை. நாம் சிங்கப்பூரைவிட்டுக் கப்பலில் வெளியே போய்த் திரும்ப உள்ளே வருகிறோம், ஆகவே ஊரிலிருந்து போகும்போது நிரப்பியது செல்லாது, இன்னொன்று வேண்டும். இலவசம்தான், இணையத்தில் நிரப்புவது. சிக்கல் வேறு இடத்தில். வந்து சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள்தான் நிரப்ப முடியும். ஒன்றாம் தேதி ஏறி நான்காம் தேதி இறங்குபவர் இரண்டாம் தேதிக்கு முன் நிரப்ப முடியாது, அதற்குள் கப்பல் கடலில் இருக்கும். இணையத்துக்குக் கப்பலில் தனிக் காசு. பினாங்கிலோ கிள்ளான் துறைமுகத்திலோ நிற்கும்போது நம் சிம் வேலை செய்யும், அப்போதே வீட்டில் உள்ள எல்லாருக்கும் உட்கார்ந்து நிரப்பி முடித்துவிடுங்கள். எட்டுப் பேர் என்றால் கடப்பிதழ் எண்களை முன்பே கைப்பேசியில் குறித்து வைத்திருந்தால் அரைமணியில் முடியும். இறங்கும் வரிசையில் நின்றுகொண்டு பாட்டியின் கடப்பிதழைத் தேடுகிறவர்களால்தான் பாதி வரிசை நிற்கிறது.

சில கப்பல்களில் ஏறும்போதே கடப்பிதழை வாங்கி வைத்துக்கொள்வார்கள். அப்படியானால் எங்கே, எத்தனை மணிக்குத் திருப்பித் தருவார்கள் என்று அறைக்கு வரும் தாளில் இருக்கும். முதல் இரவே கேட்டுவிடுங்கள்.

கணக்கைக் கடைசி இரவு பத்து மணிக்கு முன் தொலைக்காட்சியிலோ செயலியிலோ பாருங்கள். நீங்கள் குடிக்காத பானத்துக்குப் பணம் ஏறியிருந்தால் இரவே தீர்த்துக்கொள்ளலாம். காலையில் அந்த மேசையில் நிற்கும் வரிசைதான் கப்பலிலேயே நீளமானது.

கப்பல் பூக்கெட் போய் வந்திருந்தால் கைப்பேசி மணியையும் பாருங்கள். தாய்லாந்து நமக்கு ஒரு மணி நேரம் பின்னால். கடலில் அலைவரிசை இல்லாமல் கைப்பேசி தாய்லாந்து நேரத்திலேயே தங்கிவிட்டால், ஐந்தரைக்கு வைத்த அலாரம் ஆறரைக்குத்தான் அடிக்கும்.

சாங்கி வழி

எந்த முனையத்தில் இறங்குகிறீர்கள் என்று டிக்கெட்டில் பாருங்கள். சிங்கப்பூரில் இரண்டு உண்டு. 2012-ல் திறந்த மரினா பே முனையம் ஒன்று, ஹார்பர்ஃபிரண்டில் இருக்கும் பழைய முனையம் ஒன்று. பெரிய கப்பல்கள் பெரும்பாலும் மரினா பேயில்தான். அங்கிருந்து சாங்கி ஏறக்குறைய 20 கிலோமீட்டர், கடலோர விரைவுச்சாலையில் நேர்வழி. டாக்சியில் அரைமணிக்குள் போய்விடலாம், 25 முதல் 35 சிங்கப்பூர் வெள்ளி ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு எட்டுப் பேர் என்றால் பெரிய வண்டியை முன்பதிவு செய்வது இரண்டு டாக்சி பிடிப்பதைவிட நிம்மதி. எட்டரையிலிருந்து பத்து மணிவரை டாக்சி வரிசை நீளும், கையில் பையோடு எட்டு மணிக்கு முன்பே வெளியே வருபவருக்கு அந்தத் தொல்லை குறைவு.

எம்ஆர்டி நகர ரயில் பிடிக்க மரினா சவுத் பியர் நிலையம் நடக்கும் தூரத்தில் இருக்கிறது. சிவப்புத் தடத்தில் ராஃபிள்ஸ் பிளேஸ் அல்லது சிட்டி ஹால், அங்கே பச்சைத் தடத்துக்கு மாறித் தானா மேரா, அங்கே மறுபடி மாறி சாங்கி. ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். வங்கி அட்டையைத் தட்டியே போகலாம். இரண்டு பேர், இரண்டு பை என்றால் இதுதான் மலிவு.

சாங்கியில் உங்கள் விமானம் எந்த டெர்மினல் என்பதை முதல் நாளே பாருங்கள். நிறுவனங்கள் அவ்வப்போது இடம் மாறுகின்றன, பழைய நினைவை நம்ப வேண்டாம். டெர்மினல் 4 என்றால் மற்ற மூன்றைப்போல டெர்மினல்களுக்கிடையே ஓடும் ஸ்கைட்ரெயின் கிடையாது, ஷட்டில் பஸ்ஸில் போக வேண்டும், அதற்கு இன்னொரு 15 நிமிடம்.

இப்போது நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். ஏழு மணிக்குக் கப்பல் சேர்கிறது. கையில் பை இருந்தால் எட்டு, எட்டரைக்குள் முனையத்துக்கு வெளியே. பையை ஒப்படைத்திருந்தால் ஒன்பதரை. மோசமான நாளில் பத்தரை. சாங்கிக்கு அரைமணி, வண்டி கிடைக்க அரைமணி. பதினொன்றரைக்கு, எவ்வளவு சொதப்பினாலும், கவுண்டர் முன் நிற்பீர்கள். மலிவு விமானங்கள் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பே கவுண்டரை மூடிவிடும். ஆகவே ஒரு மணிக்குப் பிறகு கிளம்பும் விமானம் எதுவானாலும் உங்களுக்குக் கிடைக்கும். மூன்று மணி விமானம் என்றால் விமான நிலையத்தை ஒட்டிய ஜூவல் கடைத்தொகுதியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டே போகலாம்.

பதினொரு மணிக்கு முன் கிளம்பும் விமானத்தை, விலை எவ்வளவு இறங்கினாலும், எடுக்காதீர்கள். பத்துப் பயணத்தில் எட்டில் பிடித்துவிடலாம் என்பது உண்மைதான். யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போய்க் கப்பல் அரைமணி பிந்தினாலோ, அதிகாரிகளின் அனுமதி தாமதமானாலோ, மீதி இரண்டில் நீங்கள் இருப்பீர்கள். கப்பலும் விமானமும் தனித்தனி டிக்கெட். ஒன்று பிந்தியதற்கு இன்னொன்று பொறுப்பேற்காது. மலிவு டிக்கெட்டை அன்றைய தினம் மாற்றவும் முடியாது. கவுண்டரில் அன்றைய விலைக்குப் புது டிக்கெட்தான்.

செனாய் ஏன் ஆசை காட்டுகிறது

சாங்கி டிக்கெட்டின் விலையில், விமானம் பறக்கும் செலவோடு, விமான நிலையக் கட்டணமும் வரியுமாக ஆளுக்கு 60 சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல் உள்ளடங்கியிருக்கிறது. குழந்தைக்கும் இருக்கை எடுத்தால் அதே கதை. செனாயிலிருந்து பினாங்கு உள்நாட்டுப் பயணம், அதில் இந்தக் கட்டணத்தின் சிறு பங்குதான். எட்டுப் பேருக்கு இந்த வித்தியாசம் மட்டுமே 480 சிங்கப்பூர் வெள்ளியைத் தாண்டுகிறது. ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் என்று பார்த்தால் 1,400 ரிங்கிட்டுக்கும் அதிகம். தோட்டத்து ஊரில் இது சின்னப் பணம் இல்லை. போதாக்குறைக்கு, பினாங்கில் இறங்கியதும் குடிநுழைவு வரிசையும் இல்லை, நேரே பை எடுத்துக்கொண்டு வெளியே வரலாம். "பாலத்தைத் தாண்டினால் போதுமே" என்று பெரியப்பா ஒருவர் நிச்சயம் சொல்வார்.

அந்தப் பாலத்தை எப்படித் தாண்டுவது என்று படிப்படியாகப் பார்க்கலாம். மரினா சவுத் பியரிலிருந்து சிவப்புத் தடத்திலேயே, மாறாமல், உட்லண்ட்ஸ் போகலாம். ஏறக்குறைய ஒரு மணி நேரம். அங்கே 950 பஸ். சோதனைச்சாவடியில் பஸ் நிற்கும், பை எல்லாவற்றோடும் இறங்க வேண்டும். நகரும் படிக்கட்டில் மேலே போய், சிங்கப்பூர்க் குடிநுழைவைத் தாண்டி, மறுபடி கீழே இறங்கி, அதே எண் பஸ்ஸுக்கு வரிசையில் நின்று, மறுபடி ஏற வேண்டும். ஒரு கிலோமீட்டர் பாலம். ஜொகூர்ப் பக்கம் சுல்தான் இஸ்கண்டார் கட்டடத்தில் மறுபடி எல்லாப் பையோடும் இறங்கி, மேலே போய், தானியங்கி வாயிலில் கடப்பிதழை வைத்து, சுங்கத்தில் பையைத் தள்ளி, வெளியே வந்து செனாய்க்கு வண்டி பிடிக்க வேண்டும். அதற்கு இன்னும் நாற்பது நிமிடம். எண்ணிப் பார்த்தால் அதே பையை ஆறு ஏழு தடவை தூக்கி இறக்குகிறீர்கள். நான்கு இரவுப் பை 15 கிலோவுக்குக் குறையாது.

பெரியவர் யாருக்காவது சக்கர நாற்காலி தேவைப்பட்டால் இந்த வழியை இங்கேயே விட்டுவிடுங்கள். கப்பலின் நாற்காலி முனையத்தோடு முடிந்துவிடும். விமான நிறுவனத்தின் நாற்காலி, குறைந்தது 48 மணி நேரம் முன்பே சொல்லி வைத்திருந்தால், விமான நிலையத்தில் தொடங்கும். சாங்கிக்கு இந்த இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு டாக்சி. செனாய்க்கு நடுவே இருப்பது இரண்டு நாட்டு எல்லை.

நல்ல நாளில் செனாய்க்கு எவ்வளவு நேரம்? எட்டு மணிக்குக் கப்பலைவிட்டு வந்தவர் பதினொன்றரைக்கெல்லாம் செனாயில் இருக்கலாம். சாங்கியைவிட இரண்டரை மணி நேரம்தான் கூடுதல். வேலைநாள் காலையில் இது கனவும் இல்லை. அப்போது பெருங்கூட்டம் ஜொகூரிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் கூட்டம், நமக்கு எதிர்த்திசை. ஆனால் கெட்ட நாளில் எவ்வளவு நேரம்? அதற்குத்தான் பதில் கிடையாது. 1924-ல் அதிகாரபூர்வமாகத் திறந்த பாலம் அது. இன்று இரு பக்கமும் சேர்த்து நாளொன்றுக்கு மூன்று லட்சம் பேருக்கு மேல் கடக்கிறார்கள். பஸ்ஸும் நெரிசலில்தான் மாட்டிக்கொள்ளும். சனிக்கிழமைக் காலை, பள்ளி விடுமுறையின் முதல் நாள், பொது விடுமுறைக்கு முந்தைய நாள் என்று வந்துவிட்டால் இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம், அதற்கும் மேலே. கப்பலில் பத்து மணி என்று ஓர் எல்லை இருந்தது. சாங்கிச் சாலையில் அரைமணி, மழை பெய்தால் நாற்பது நிமிடம் என்று ஓர் எல்லை இருக்கிறது. பாலத்துக்கு அப்படி ஒன்று இல்லை. விமானமோ, கவுண்டர் மூடும் நிமிடம் வரை எல்லை போட்டு வைத்திருக்கிறது.

1,400 ரிங்கிட் மிச்சம் என்ற கணக்கு அந்த இடத்தில்தான் கவிழ்கிறது. எட்டுப் பேரும் விமானத்தைத் தவறவிட்டால் செனாயில் அன்றைய விலைக்கு எட்டு டிக்கெட் வாங்க வேண்டும். அன்று எட்டு இருக்கை இல்லாவிட்டால் ஜொகூர் பாருவில் மூன்று அறை, இரண்டு வேளைச் சாப்பாடு, மறுநாள் ஷிப்ட் போச்சு. ஒரே ஒரு தடவை தவறினால் மூன்று பயணத்தில் மிச்சம் பிடித்ததும் போய்விடும். இதைத் தவிர்க்க மாலை ஆறு, ஏழு மணி விமானத்தை எடுக்கலாம் என்பார்கள். எடுக்கலாம். அப்போது வீடு வந்து சேர இரவு பத்து, பதினொன்று. அதற்கு மாலை சாங்கி விமானமே தேவலை.

கிழமையையும் பாருங்கள். ஜொகூரில் 2025 ஜனவரி முதல் வார விடுமுறை சனி, ஞாயிறு ஆகிவிட்டது. அதற்கு முந்தைய அனுபவத்தை வைத்து "வெள்ளிக்கிழமை இப்படித்தான் இருக்கும்" என்று யாராவது சொன்னால் அந்தக் கணக்கு இப்போது பழசு. நமக்கோ கெடாவில் இன்னும் வெள்ளி, சனிதான். ஞாயிற்றுக்கிழமை இறங்கும் கப்பல் பட்டணத்துக்காரருக்கு வசதி, நம் பிள்ளைகளுக்கு அன்று பள்ளி. வெள்ளிக்கிழமை இறங்கும் கப்பல் கிடைத்தால் கெடாக்காரருக்கு அதுவே தோது. சனிக்கிழமை முழுக்கத் துணி துவைக்கக் கிடைக்கும்.

செனாய் எப்போது சரி

இரண்டே சூழ்நிலையில் செனாயை ஒப்புக்கொள்ளலாம். முதலாவது, உட்லண்ட்ஸிலிருந்து பாலத்தைத் தாண்டி ஓடும் தெப்ராவ் ஷட்டில் ரயிலில் இடம் முன்பே வாங்கியிருந்தால். உட்லண்ட்ஸ் ரயில் சோதனைச்சாவடியிலேயே இரு நாட்டுக் குடிநுழைவும் முடிந்துவிடும். ஐந்து நிமிடத்தில் ஜொகூர் பாருவின் ஜேபி சென்ட்ரல் நிலையம். ஐந்து சிங்கப்பூர் வெள்ளி. சாலை நெரிசல் அதைத் தொடாது, ஆகவே அதற்கு எல்லை உண்டு. ஆனால் வார இறுதி இருக்கைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும், எடுத்த ரயிலைத் தவறவிட்டால் அந்தக் காசு போய்விடும். கப்பல் பிந்தும் ஆபத்தையும் சேர்த்து, காலை பதினொரு மணிவாக்கில் கிளம்பும் ரயிலுக்கு முந்தையதை எடுக்காதீர்கள். உட்லண்ட்ஸையும் ஜொகூர் பாருவையும் இணைக்கும் ஆர்டிஎஸ் ரயில் ஓடத் தொடங்கினால் இதே வசதி பெரிய அளவில் வரும், அதற்கும் இரு நாட்டுச் சோதனையும் ஏறும் இடத்திலேயே. அப்போது செனாய் பக்கம் தராசு இறங்கலாம்.

இரண்டாவது, எல்லை தாண்ட உரிமம் உள்ள வண்டியை முன்பதிவு செய்து துவாஸ் இரண்டாம் பாலம் வழியாகப் போவது. மரினா பேயிலிருந்து தூரம் கூடுதல்தான், ஆனால் அந்தப் பக்கம் இறங்கும் நெடுஞ்சாலை செனாய்ப் பக்கமே போய்ச் சேரும், ஜொகூர் பாரு நகருக்குள் நுழைய வேண்டியதில்லை. பையையும் அத்தனை தடவை தூக்க வேண்டாம். உரிமம் இல்லாத காரில் ஏறினால் சோதனைச்சாவடியில் மாட்டிக்கொள்ளலாம், சிங்கப்பூர் அதிகாரிகள் அதில் கெடுபிடியாக இருக்கிறார்கள். உரிமமுள்ள வண்டிக்குக் கொடுக்கும் வாடகையை மிச்சத்தில் கழித்துப் பார்த்தால், நான்கு பேருக்குக் கீழே லாபம் நிற்காது. எட்டுப் பேருக்கு நிற்கலாம். இந்த வழியில் பழக்கம் குறைவு, பள்ளி விடுமுறையில் துவாஸ் எப்படி இருக்கும் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

சிங்கப்பூரில் ஓர் இரவு தங்கி மறுநாள் போவது எல்லாவற்றையும்விட நிம்மதியானது. எட்டுப் பேருக்கு அறை எடுக்கும் காசில் இன்னொரு கப்பல் பயணத்துக்கு முன்பணம் கட்டிவிடலாம். இருவர் மட்டும் போகும் பயணம் என்றால் யோசிக்கலாம்.

பினாங்கில் இறங்கிய பிறகு

சாங்கியில் மூன்று மணிக்குக் கிளம்பினால் பயான் லெப்பாஸில் நாலரைவாக்கில் இறங்குவீர்கள். தானியங்கி வாயிலில் மலேசியக் கடப்பிதழுக்கு அதிக நேரம் பிடிக்காது, பை வரும் பட்டைக்கு முன்புதான் நிற்க வேண்டியிருக்கும். ஐந்தே காலுக்கு வெளியே வந்தால் பயான் லெப்பாஸ் தொழிற்சாலைகள் விடும் கூட்டத்தோடு சாலையில் சேர்வீர்கள். முதல் பாலத்தை மறந்துவிட்டு, தெற்கே இரண்டாம் பாலத்தைப் பிடித்து பத்து காவான் இறங்கி, நெடுஞ்சாலையில் வடக்கே வந்து, கூலிம் விரைவுச்சாலையில் திரும்பி லுனாஸ் வழியாகப் பாடாங் செராய் வரலாம். இரண்டு பாலத்திலும் டோல் தீவுக்குப் போகும்போதுதான், திரும்பும் பக்கம் கிடையாது. அழைத்துப் போக வருகிறவரிடம், விமானம் தரையில் இறங்கிய செய்தியைப் பார்த்த பிறகே விமான நிலைய வாசலுக்கு வரச் சொல்லுங்கள். வாசலில் வண்டியை நிறுத்தி வைக்க விட மாட்டார்கள். எட்டுப் பேர், பத்துப் பை, ஒரு வேன் என்றால் ஏற்றி முடிக்கவே ஐந்து நிமிடம் பிடிக்கும்.